மார்சேல்ஸும் ராயபுரமும்

சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நிற்பது இப்பொழுது அதிசயமில்லை. 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து ஒரு கப்பலை அனுப்பி வைத்தார். 2023-ல் இலங்கைத் துறைமுகங்களுக்கும் கப்பல் போய் வந்தது. ஆனால் வெளியூரிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்களை எங்கே அழைத்துப் போகிறார்கள்? பெரும்பாலும் மயிலாப்பூருக்கு, இல்லையேல் மாமல்லபுரத்துக்கு. வண்டி துறைமுக வாசலைத் தாண்டியதும் தெற்கே திரும்பிவிடுகிறது.

வடக்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856 ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த கட்டடம் அது. தென்னாட்டின் முதல் ரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் தாணாவிலும் இருந்த முதல் நிலையங்கள் மறைந்துவிட்டன, இது நிற்கிறது. வேறு தேசமாயிருந்தால் டிக்கெட் வைத்துக் காட்டுவார்கள்! பார்ஸிகளின் அக்கினிக் கோயில் அங்கேயே இருக்கிறது. சற்று வடக்கே போனால் காசிமேட்டு மீன் ஏலம். அதற்கும் வடக்கே திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலும் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும். 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

மத்தியதரைக் கடலில் மார்சேல்ஸ் என்றொரு துறைமுகம் உண்டு. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன காந்திஜி கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். நீண்ட காலம் அதற்கு நல்ல பெயர் இல்லை. கூலிகள், கடத்தல்காரர்கள், அடிதடி என்றே பேச்சு. இன்று பிரயாணிகள் குவிகிறார்கள். 2013-ல் பழைய துறைமுகத்தின் கரையைப் பெரிதும் நடப்பவர்களுக்கு விட்டார்கள். மூடிக் கிடந்த கோட்டையைத் திறந்து, பாலம் போட்டு, பக்கத்தில் அருங்காட்சியகம் அமைத்தார்கள். அங்கே காலையில் படகு வந்ததும் கரையிலேயே மீன் விற்கிறார்கள். பிரயாணிகள் அதையும் படம் பிடிக்கிறார்கள். காசிமேட்டைப் பார்த்த நமக்கு அது சின்னக் கடைத் தெருவாகத்தான் தோன்றும்.

ஆகவே நாமும் அப்படிச் செய்தால் என்ன என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். மார்சேல்ஸின் புகை எங்கே போயிற்று? 1960-களிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே ஃபோஸ் என்ற இடத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். எண்ணெய் ஆலை, உருக்காலை எல்லாம் அந்தப் பக்கம் சேர்ந்தன. சுற்றுலாக்காரர் அங்கே போவதில்லை. ஆனால் ஜனங்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமாவும் புற்றுநோயும் நீரிழிவும் அங்கே பிரான்ஸின் சராசரியை விட அதிகம் என்று 2017-ல் ஓர் ஆய்வு சொல்லிற்று.

நம் ஊரிலும் இதே கதை நடந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியும் இரும்புத் தாதுத் தூசியும் ராயபுரத்து வீடுகளில் படிந்து வந்தன. 2011-ல் உயர் நீதிமன்றம் அங்கே அவற்றைக் கையாளக் கூடாதென்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்தார் மூச்சு விட்டார்கள்; எண்ணூராருக்குச் சாம்பலோடு அதுவும் சேர்ந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, தூங்கிக் கொண்டிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

மார்சேல்ஸுக்கும் ஃபோஸுக்கும் நடுவே 50 கிலோமீட்டர் உண்டு. இங்கே அந்த வசதியும் இல்லை. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போகும் லாரியும், தியாகராஜர் கோயிலுக்குப் போகும் பக்தரும் ஒரே ஊர்க்காரர்கள். நமது பழைய துறைமுகமும் நமது ஃபோஸும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

2023-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வட சென்னை வளர்ச்சிக்கென்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்ல காரியம். அந்தப் பணம் எதற்கு முதலில் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ராயபுரம் நிலையத்தைக் காட்சிச் சாலையாக்கப் பெரும் செலவு ஆகாது. மனம் இருந்தால் போதும். கழிமுகத்தைச் சுத்தம் செய்வதும், ஆலைக் குழாய்களை ஓயாமல் பரிசோதிப்பதும் அப்படியல்ல. அதற்குப் பணமும் வேண்டும், ஆலைக்காரர்களிடம் கண்டிப்பும் வேண்டும். அதைச் செய்யாமல் விளக்குக் கம்பமும் பூங்காவும் மட்டும் வைத்தால், வெளியூரார் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எண்ணூர் மீனவர் அதே கறுத்த தண்ணீரில்தான் வலை வீச வேண்டியிருக்கும்.