அழுத்தம் கூடினால் சக்தி கூடுமா?

வேகமான மோட்டார் வண்டிகளில் மோகங்கொண்ட அன்பர்களிடையே ஒரு சித்தாந்தம் வேரூன்றி நிற்கிறது. காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சினில் சக்தியைப் பெருக்க வேண்டுமானால், அதைப் பெல்ட் சுழற்றும் புல்லியைச் சிறிதாக்கிப் பூஸ்ட் அழுத்தத்தை உயர்த்துவதே நேர்வழி என்றும், அதனால் எழும் உஷ்ணத்தைப் பெரியதொரு ரேடியேட்டரோ பனிக்கட்டியோ பிற்பாடு தணித்துவிடும் என்றும், அவற்றையும் மீறி ஆபத்து நேருமானால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் காப்பாற்றிவிடும் என்றும் அது உபதேசிக்கிறது. கேட்பவருக்கு இனிமையாகவும் விற்பவருக்கு லாபகரமாகவும் அமைந்த இக்கொள்கையின் அங்கங்களைத் தனித்தனியே பரிசீலித்தால், அவற்றுள் ஒன்றேனும் முழுமையாக நிலைபெறாது என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, அழுத்தமே சக்தி என்னும் வாதம். பெட்ரோல் எரிவதற்கு வேண்டியது பிராணவாயு. அது எவ்வளவு கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பது சிலிண்டருக்குள் புகும் காற்றின் நிறை. சைக்கிள் பம்பை அடித்தவர் எவரும் அறிந்தபடி, சுருக்கப்பட்ட காற்று சூடேறும்; சூடேறிய காற்று விரிய முயலும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை 1.6 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால், குறையே இல்லாத இலட்சிய யந்திரத்திலும் அதன் உஷ்ணம் ஏறத்தாழ 44 டிகிரி உயரும்; 60 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜரிலோ 73 டிகிரி உயர்ந்து, வெளிவரும் காற்று 103 டிகிரியை எட்டும். அழுத்தமானி 60 சதவீத ஏற்றத்தைக் காட்டி நம்மை மகிழ்விக்கும் அவ்வேளையில், காற்றின் அடர்த்தி 29 சதவீதமே கூடியிருக்கும். அழுத்தம் குறையாதபடி அதே காற்றை 50 டிகிரிக்குத் தணித்தால் அடர்த்தி 50 சதவீதம் கூடும். முள் அசையாமலே சக்தி வளரக்கூடும் என்றால், முள்ளைச் சக்தியின் பிரமாணமாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது, சிறிய புல்லி பற்றியது. புல்லி சிறுத்தால் சூப்பர்சார்ஜர் விரைந்து சுழலும் என்பது மெய்யே; ஆனால் ஒவ்வொரு சூப்பர்சார்ஜருக்கும் அது செம்மையாக வேலை செய்யும் வேக எல்லை ஒன்றுண்டு; அதைக் கடந்தபின் பெல்ட் வழியாக எஞ்சினிடமிருந்து பெறும் உழைப்பில் மேன்மேலும் பெரும்பங்கு உஷ்ணமாகவே விரயமாகும். 2009 கார்வெட் இசட்ஆர்1 வண்டியில் 2.3 லிட்டர் சூப்பர்சார்ஜர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுவரை சுழன்றது. 2015 கார்வெட் இசட்06 வண்டியிலோ பானெட்டுக்கு அடியில் அடக்கமாய்ப் பொருந்தும் 1.7 லிட்டர் கருவி 20,000 சுற்றுவரை சுழன்று, 650 குதிரைசக்தி எஞ்சினுக்கு ஊட்டமளித்தது. அவ்வண்டி பந்தயப் பாதையில் தொடர்ந்து விரட்டப்படும்போது உஷ்ணம் மிகுகிறதென்று குறைகள் எழுந்தன. அவற்றின்பின், 2017 மாதிரியில் பானெட்டின் காற்றுத் திறப்புகள் பெரிதாக்கப்பட்டு, சூப்பர்சார்ஜரின் மேல்மூடியும் மாற்றப்பட்டது. தேர்ந்த பொறியாளர் குழுவினருக்கே இத்தகைய திருத்தம் தேவைப்பட்டதென்றால், புல்லி ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அமைதி கொள்வோரின் துணிச்சலை என்னென்பது!

மூன்றாவது, பெரிய ரேடியேட்டர். அழுத்தத்தால் சூடேறிய காற்றைத் தணிக்கும் இன்டர்கூலர் என்பது தனித்த ஒரு பொருளன்று, ஒரு சங்கிலி: காற்றின் உஷ்ணத்தை இன்டர்கூலரின் தகடுகள் வாங்கி நீரிடம் சேர்க்கின்றன; நீரைப் பம்பு வண்டியின் முன்புறத்து ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது; அங்கு வெளிக்காற்று அவ்வுஷ்ணத்தை ஏற்றுக்கொள்கிறது. இவற்றுள் நலிந்த கண்ணி எதுவோ அதுவே முழுமைக்கும் எல்லையாகிறது. தகடுகளின் பரப்புப் போதாமலோ பம்பு சோம்பலாகவோ இருக்கையில், முன்புறத்தில் எத்தனை அகன்ற ரேடியேட்டரை நிறுத்தினாலும் பயன் சொற்பம். மாறாக, அது தனக்குப் பின்னாலிருக்கும் எஞ்சின் ரேடியேட்டருக்கு வெந்த காற்றை அனுப்பி, ஒரு நோயைத் தணிக்கப்போய் மற்றொன்றை விளைவிக்கும். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த நீரை எந்த ரேடியேட்டராலும் தர இயலாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நான்காவதாகப் பனிக்கட்டி வருகிறது. ஏறத்தாழ 600 குதிரைசக்தி எஞ்சின் வினாடிக்கு 0.45 கிலோகிராம் காற்றை உட்கொள்ளும். அதை 60 டிகிரி குளிர்விக்க வினாடிதோறும் 27 கிலோஜூல் உஷ்ணத்தை அகற்ற வேண்டும். 5 கிலோ பனிக்கட்டி உருகுகையில் ஏற்பது சுமார் 1,670 கிலோஜூல். ஆக, முழு வேகத்தில் அதன் ஆயுள் ஒரு நிமிடம். பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் முடியும் கால் மைல் ஓட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். 2018 டாட்ஜ் டீமன் வண்டியில் ஏர்கண்டிஷனரின் குளிரூட்டும் சக்தியையே இன்டர்கூலர் நீருக்குத் திருப்பிவிட்டதும் அத்தகைய குறுகிய ஓட்டத்தைக் கருதியே. சுற்றுப்பாதையில் இருபது நிமிடம் ஓடவேண்டியவருக்கு அம்முறை உதவாது.

கடைசியாக, கம்ப்யூட்டர் காப்பாற்றும் என்னும் நம்பிக்கை. வெப்பமான காற்றால் கலவை தன் காலத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தாக்குவதை, மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வதை, தவிர்க்கும் பொருட்டுக் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. அது சக்தியைக் குறைத்துத்தான் எஞ்சினைக் காக்கிறது. தாமதமாக எரிந்த வாயு புகைக்குழாயை மேலும் சூடாக்குகிறது. புல்லிக்குப் பணம் கொடுத்து வாங்கிய சக்தி, வேண்டிய தருணத்தில் இவ்வாறு திரும்பப் பெறப்படுகிறது. அன்றியும், உஷ்ணத்தை அளக்கும் சென்சார் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் மட்டும் அமைந்திருந்தால், பின்னால் நேரும் கொதிப்பை அது நேரில் காண்பதே இல்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? உஷ்ணத்தைப் பிற்பாடு தீர்க்கும் பிணியாகக் கருதாமல், வடிவமைப்பின் முதற்படியிலேயே எண்ண வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் இரண்டாம் உலகப் போரின்போது மெர்லின் விமான எஞ்சினுக்கு இரட்டைக் கட்டச் சூப்பர்சார்ஜரை அமைக்கையில், காற்றைத் தணிக்கும் இன்டர்கூலரையும் உடன் சேர்த்தே அமைத்தார்கள். நாமும் ஏர் ஃபில்டரை எஞ்சினின் வெம்மையிலிருந்து மறைத்து வெளிக்காற்றை உண்ணச் செய்வதில் தொடங்கலாம். ஏனெனில், மேற்கூறிய கணக்கின்படி, நுழைவாயிலில் 20 டிகிரி மிகுந்தால் வெளிவாயிலில் அது 25 டிகிரியாகப் பெருகிவிடும். அடுத்து, வேண்டிய காற்றை நிதானமான சுழற்சியில் தரவல்ல சூப்பர்சார்ஜர். அதற்குப்பின் தகடு, பம்பு, ரேடியேட்டர் மூன்றின் சமநிலை. இவையெல்லாம் நிறைவேறிய பிறகே புல்லி.

ஆகவே, எஞ்சினைத் திருத்தித் தருகிறேன் என்பவரிடம் பூஸ்ட் எத்தனை என்று வினவுவதைவிட, கால் மணி நேரம் விடாமல் விரட்டிய பின் சிலிண்டருக்குள் நுழையும் காற்று எத்தனை டிகிரியில் இருக்கும் என்று வினவுவதே மேல். அதற்கு அளந்தறிந்த விடை கூற இயலாதவரிடம் புல்லியை மாற்றும் பொறுப்பை ஒப்படைக்காதிருப்பது, எஞ்சினுக்கும் நம் பணப்பைக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.