மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை

“மண் சரியில்லை, கோடு வரவில்லை.” கத்தியில் ஹமோன் எனும் தோய்ச்சல் கோட்டை முயன்று பார்க்கும் நம் தொழில்காரர்களின் வழக்கமான புலம்பல் இது. அடுத்த முறை மண்ணை மாற்றுவார்கள். கரித்தூள் சேர்ப்பார்கள், உலைச் சிமெண்டு வாங்குவார்கள், பூச்சைத் தடிமனாக்குவார்கள். அப்போதும் கோடு வராது. மண்ணுக்கும் இதில் வேலை உண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் எஃகும் சூடும் தீர்மானித்துவிடுகிற காரியம் இது.

வாய்ப்புறம் சட்டெனக் குளிர்ந்து கடினமான மார்டென்சைட் ஆக வேண்டும். மண் மூடிய முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையான பெர்லைட்டாக நிற்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் கோடு. அப்படியானால் நமக்கு வேண்டியது எளிதில் கடினமாகாத எஃகு. மெதுவாகக் குளிர்ந்தாலும் கடினமாகிவிடும் எஃகில் முதுகும் வாயோடு சேர்ந்தே இறுகிவிடும்; எல்லைக்கு இடமே இராது. ஜப்பானிய வாளுக்குரிய தமஹகானே எஃகில் மாங்கனீசு மிக மிகக் குறைவு. ஷிமானே மாநிலத்து ஒகுயிசுமோவில் 1977இல் மீண்டும் மூட்டப்பட்ட தாதாரா உலையிலிருந்து இன்றைக்கும் அந்த எஃகுதான் வாள் கொல்லர்களுக்குப் போகிறது. அவர்கள் கோட்டின் அழகில் பாதி அந்த உலையிலேயே முடிவாகிவிடுகிறது.

நம் கைக்கு வருவதைப் பார்ப்போம். 1095 எஃகில் மாங்கனீசு 0.30 முதல் 0.50 சதவீதம், கோடு நன்றாக வரும். ஜப்பானின் வெள்ளைக் காகித எஃகு இரண்டாம் எண்ணில் 0.20 முதல் 0.30 வரைதான், இன்னும் துல்லியமாக வரும். 1084இல் 0.60 முதல் 0.90 வரை போகிறது. கோடு வந்தாலும் மங்கல், உள்ளே விளையாட்டு இராது. குரோமியம் சேர்ந்த 5160, பேரிங் எஃகான இஎன் 31 இவற்றில் முயல்வது வீண். நம்மூர்ப் பட்டறைகளில் அரிவாளுக்கு எடுக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையும் அப்படியே. அது தடிமனான குறுக்குவெட்டிலும் உள்வரை கடினமாவதற்காகவே கலக்கப்பட்ட உலோகம். அரிவாளுக்கு அருமையான பொருள், கோட்டுக்கு ஆகாது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த துண்டுக்கு மண் பூசிக் காத்திருப்பதைவிட, கலவைச் சான்றிதழோடு ஒரு பட்டை வாங்குவது மலிவு.

இனி சூடு. 1095ஐ 790 முதல் 800 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். காந்தம் ஒட்டாமல் போவது 770 அளவில். அதற்குமேல் கொஞ்சம்தான் போக வேண்டியிருக்கிறது. உலையில் அலகை உற்றுப் பாருங்கள்: சிவந்து வரும்போது ஓர் இருண்ட நிழல் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகரும். எஃகு உள்ளுக்குள் உருமாறிக்கொண்டே வெப்பத்தை விழுங்கும் அடையாளம் அது. நிழல் முழுதும் கலைந்த பிறகு சில நிமிடம் அதே சூட்டில் நிறுத்தினால் போதும். நண்பகல் வெளிச்சத்தில் இது தெரியாது. ஜப்பானியக் கொல்லர்கள் தோய்ச்சலுக்கு இருட்டைத் தேடுவது சடங்குக்காக அல்ல, நிறத்துக்காக.

850க்குப் போனால் என்ன? எஃகின் படிகக் கரு பெருக்கும், கரு பெருத்த எஃகு எளிதில் கடினமாகும், கோடு மண்ணுக்கு அடியில் மேலேறும், அல்லது காணாமலே போகும். பலரும் மண்ணைப் பழிப்பது இந்த இடத்தில்தான். அதனால் தோய்ச்சலுக்கு முன் ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறைத்துக்கொண்டே மூன்று தடவை காற்றில் ஆறவிட்டுக் கருவை நுணுக்குங்கள். அப்படிச் செய்த 1095இல், முதுகு தடித்த கத்தி என்றால், மண்ணே பூசாமலும் கோடு வருவதுண்டு.

மண் முதுகில் மூன்று மில்லிமீட்டர் போதும். அதற்குமேல் போனால் மண்ணில் தேங்கிய வெப்பம் வாயைத் திரும்பவும் சுடும். வாயை நோக்கி இறங்கும் மெல்லிய இழைகளை மட்டும் அலட்சியமாகப் போடாதீர்கள். வாய் சில்லு பறந்தால் அது நீண்டு ஓடாமல் தடுப்பவை அவைதான்.

தண்ணீரா, எண்ணெயா என்ற சண்டை ஓயாது. 1095 ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் 540 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். தண்ணீரில் கோடு பளிச்சென்று வரும், அலகு முதுகுப் பக்கம் வளையும், சில சமயம் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கத்தி முடிந்தது. வேகமான தோய்ச்சல் எண்ணெயில் விரிசல் குறைவு, வளைவு பெரும்பாலும் எதிர்ப்பக்கம். சாதாரண சமையல் எண்ணெய் 1095க்கு மந்தம். விற்கப் போகும் சிறு கத்திக்கு எங்கள் பரிந்துரை வேகமான எண்ணெய்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மென்மையான முதுகு கத்தியை முறியாமல் காக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறோம். வாளுக்கு அது சரி. நான்கு அங்குலக் கத்திக்கு முழுதும் கடினமாக்கி 200 டிகிரியில் இருமுறை பதம் இறக்கிய அலகே போதுமான உறுதி தரும். அது வளைந்தாலும் திரும்பி வரும். பெர்லைட் முதுகு வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். சிறு கத்தியில் கோடு அழகுக்காக என்று நேராகச் சொல்லலாம். வாங்குபவர் அதற்கும் காசு கொடுப்பார்.

பொய்க் கோட்டுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. அமிலத்தில் மறைத்துப் பொறித்த கோடும் லேசர் கோடும் சந்தையில் ஏராளம். மேல்பரப்பை 2000 எண் உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய்ப்பசை நீக்கி, நீர்த்த ஃபெரிக் குளோரைடில் சில விநாடி வையுங்கள். உண்மைக் கோடு திரும்ப வரும், பொறித்தது வராது. மூன்றடுக்கு சமையற்கத்தியில் வெளி இரும்பு முடியும் வரம்பை ஹமோன் என்று சொல்லி விற்பது வேறு வகை. ஜப்பானின் சகாயில் ஒரே எஃகில் செய்யும் ஹோன்யாகிக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசம் தெரியாமல் ஏமாறுபவர் ஏராளம்.

அடுத்த இதழிலிருந்து நம் பக்கங்களுக்கு வரும் ஹமோன் படங்களோடு எஃகின் பெயர், தோய்த்த சூடு, தோய்ச்சல் ஊடகம், இரண்டு பக்கமும் எடுத்த படம் ஆகியவற்றைக் கேட்கப் போகிறோம். மண்ணின் கலவை விருப்பம்.