சைப்ரஸ் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்



ஏப்ரல் விடுமுறைக்கு சைப்ரஸ் தீவுக்குக் குடும்பப் பயணம் என்று ஒரு விளம்பரம் ஒரு வாரமாக நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஏழு நாள். கடற்கரை ஹோட்டல், ஐயா நாபா, பாஃபோஸ், படகுச் சவாரி. கடைசி நாள் விமான நிலையம் போகிற வழியில் அரை மணித்தியாலம் "உம்மு ஹராம் ஸியாரத்". அதுக்குக் கீழே வழக்கமான சண்டை. ஒரு சாரார் இது வீண்விரயம் என்கிறார்கள், மற்றவர்கள் கபுறு ஸியாரத்துக்குப் பயணம் கட்டலாமா என்று கேட்கிறார்கள்.

ஸியாரத் மஸ்அலாவை மௌலவிமாரிடம் விட்டுவிடுகிறேன். ஹலாலாக உழைத்த காசில் ஒருவர் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என் கவலை அந்தத் திட்டத்தைப் பற்றியது. அந்த ஏழு நாளில் கடல் இருக்கிறது, சைப்ரஸ் இல்லை. கடல் பார்க்கத்தான் என்றால் நமக்குக் கல்பிட்டி போதும்.

உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அனஸ் (ரலி) அவர்களின் சாச்சி முறை. கடல் கடந்து போகும் தன் உம்மத்தினரைக் கனவில் கண்டு நபியவர்கள் சிரித்தபடி கண்விழித்தது அவருடைய வீட்டில்தான். "என்னையும் அவர்களில் ஒருத்தியாக்க துஆச் செய்யுங்கள்" என்று அந்த இடத்திலேயே கேட்ட பெண். வருஷங்கள் கழித்து, உஸ்மான் (ரலி) கிலாஃபத்தில், முஆவியா (ரலி) அனுப்பிய கப்பல்களில் கணவர் உபாதாவோடு ஏறினார். 649 அளவில் சைப்ரஸ் பயணத்தில் வாகனத்திலிருந்து விழுந்து வஃபாத்தானார். லார்னகா உப்பேரிக் கரையில், ஈச்ச மரங்களுக்கு நடுவே, ஒஸ்மானியர் காலப் பள்ளியோடு இருக்கிறது அந்த இடம். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வந்து நிற்கும், கோடையில் தண்ணீர் வற்றி வெள்ளை உப்பாகிவிடும். புத்தளத்துப் பிள்ளைக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தக் கரையில் நின்று இந்தக் கதையைச் சொன்னால் அது ஆயுளுக்கும் மறக்காது. அரை மணித்தியாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்கத்தான் நேரம் இருக்கும்.

அடுத்தது தலைநகர் நிக்கோசியா. விளம்பரத்தில் அதன் பெயரே இல்லை. 1974 இல் கிரேக்கத்தோடு தீவை இணைக்க விரும்பியவர்கள் அங்கே ஆட்சியைக் கவிழ்த்தார்கள், உடனே துருக்கிப் படை வந்து இறங்கியது. அன்றிலிருந்து தீவு இரண்டு துண்டு. வடக்கில் இருந்த கிரேக்கர் தெற்கே ஓடினார்கள், தெற்கில் இருந்த துருக்கியர் வடக்கே போனார்கள். கலவரங்களிலும் போரிலும் காணாமல் போனவர்களின் உத்தியோகபூர்வப் பட்டியலில் 2,002 பேர், இரண்டு சமூகத்தாரும். இன்றைக்கும் எலும்புகளைத் தோண்டி எடுத்து, அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுக்கிறார்கள்.

2003 ஏப்ரலில்தான் கடவைகள் திறந்தன. சனம் வரிசையில் நின்று மறுபக்கம் போனது எதற்குத் தெரியுமா? தங்கள் பழைய வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்க. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களின் பிள்ளைகள் நம்ம வகுப்புகளில் படித்தார்கள், இப்போது அவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். திரும்பிப் போனபோது தன் வீட்டில் வேறொருவர் குடியிருந்ததைப் பார்த்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். லெட்ரா வீதிக் கடவையில் என்ன நடக்கிறது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளங்கும். கொழும்புப் பிள்ளைகளைவிட வேகமாக விளங்கும்.

இப்போது முக்கியமான விஷயம். சைப்ரஸில் இலங்கையர் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது வீட்டுப் பணிப்பெண். முதியவர்களைப் பார்க்கவும் சமைக்கவும் துடைக்கவும் நம்ம நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அங்கே போகிறார்கள், பெரும்பாலும் சிங்களச் சகோதரிகள். வீசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். 2023 இல் அந்த நாடு குறைந்தபட்சச் சம்பளம் கொண்டு வந்தபோது வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை. வாரத்தில் ஒருநாள், ஞாயிறு, லீவு. அன்றைக்கு நிக்கோசியாவின் பூங்காக்களிலும் பழைய நகரத்திலும் கூடுவார்கள், சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பகிர்வார்கள், வீட்டுக்குக் கோல் எடுப்பார்கள்.

சவூதிக்கும் குவைத்துக்கும் உம்மாமாரை அனுப்பிவிட்டு உம்மம்மாவிடம் வளர்கிற பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அந்தக் காசில் வீடு கட்டினோம், கடை போட்டோம். இப்போது நம்மில் சிலருக்கு உல்லாசப் பயணம் போகிற வசதி வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அங்கே போய் அந்தப் பெண்களைக் கண்டும் காணாத மாதிரி, "நாங்க அவங்க மாதிரி இல்ல, டூரிஸ்ட்" என்று கழுத்தில் கமராவோடு நகர்ந்து போவோமா என்பதுதான் என் பயம். வெளிநாட்டு விமான நிலையங்களில் இதை நான் கண்டிருக்கிறேன். ஒரு "கொஹொமத" சொல்வதற்கு யூரோ தேவையில்லை.

என் யோசனை இதுதான். ஐயா நாபாவை வெட்டுங்கள், அது இரவு விடுதிகளுக்குப் பெயர்போன இடம், குடும்பத்தோடு அங்கே என்ன வேலை? உம்மு ஹராமுக்கு ஒரு முழுக் காலைப் பொழுது கொடுங்கள். நிக்கோசியாவில் இரண்டு இரவு தங்குங்கள், அதில் ஒன்று சனிக்கிழமை இரவாக இருக்கட்டும். தெற்குப் பக்கத்திலேயே ஒமரிய்யா பள்ளி தொழுகைக்குத் திறந்திருக்கிறது. வடக்கே கடந்தால் பழைய கத்தீட்ரலான செலிமிய்யா. வடக்கை துருக்கியைத் தவிர எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை என்பதால் லார்னகா அல்லது பாஃபோஸ் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், நேரே வடக்கில் இறங்கினால் தெற்கு அதைச் சட்டவிரோதம் என்று பார்க்கிறது. நம்ம பாஸ்போர்ட்டில் கடவையைக் கடக்கும் விதியை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். தெற்கில் வாடகைக்கு எடுத்த காருக்கு வடக்கில் காப்புறுதி செல்லாது, வேறாக எடுக்க வேண்டும். வாகனம் இடப்பக்கம்தான், அங்கேயும் 1960 வரை வெள்ளைக்காரன் இருந்தான். தெற்கில் சாப்பாட்டுக் கடைகளில் பன்றி இறைச்சி அதிகம், மீனும் ஹலூமி சீஸும் இருக்கிறது.

ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ள வேண்டாம், நிக்கோசியா வெயில் 40 பாகை தொடும்.

நம்ம ஊரில் யாருக்காவது சைப்ரஸில் வேலை செய்கிற சொந்தமோ அயலவரோ இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். போகிற குடும்பங்களிடம் அவர்களுக்கென்று கருவாடும் மாசியும் அச்சாறும் கொடுத்தனுப்ப முடியுமா, என்னென்ன உள்ளே விடுவார்கள் என்று ஏஜென்டிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே இடத்தில் போடுகிறேன்.