மட்கலம்

மாணவச் செல்வர்களே! மரபுச் சொற்களைக் கற்கும்பொழுது, கூடை முடைதல், ஆடை நெய்தல், பானை வனைதல் என நீங்கள் படித்திருப்பீர்கள். பானை 'கட்டினான்' என்று எழுதினால் ஆசிரியர் பிழையெனத் திருத்துவார். ஆயினும், வனைதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கண்ணாற் கண்டவர் உங்களுள் எத்தனை பேர்?

யானும் பல ஆண்டுகள் அச்சொல்லைக் கற்பித்தவனே. ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குழிசிக்கும் தசும்புக்கும் வேறுபாடு யாது?" என்று வினவினான். "இரண்டும் மட்கலங்களே" என்று கூறி அமைந்தேன். நிகண்டிற் கண்டதற்குமேல் யான் ஒன்றும் அறியேன். அந்த நாணமே அன்று மாலை என்னைக் குயவர் தெருவிற்கு அழைத்துச் சென்றது.

அங்கு முதியவர் ஒருவர், குளத்துக் களிமண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, நீரில் ஊறவைத்து, நுண்மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தியிருந்தார். அம்மண்ணைத் திகிரியின் நடுவில் வைத்துக் கோலால் சுழற்றினார். அவர் கைகள் உள்ளும் புறமும் அணைக்க, வாயும் கழுத்தும் எழுந்தன. நூலால் அறுத்தெடுத்தபோது அடிப்பகுதி திறந்தே இருந்தது. ஈரம் சற்று வற்றியபின், உள்ளே கல்லை அணைகொடுத்து, புறத்தே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடினார். இனி அது நிழலில் உலர்ந்து, சூளையில் வேக வேண்டும். ஏறத்தாழ 600 பாகையைக் கடந்த சூட்டில் வெந்த மண் மீண்டும் நீரில் கரைவதில்லை.

தசும்பு என்னும் சொல்லை அவர் கேட்டறியார். ஆனால், சோறு சமைக்கும் பானைக்கு வாய் அகன்றிருப்பதும், இடுப்பிற் சுமக்கும் குடத்திற்கு வாய் குறுகியிருப்பதும் எதனால் என்று தெளிவாக விளக்கினார். சொல் என்னிடம் இருந்தது; பொருள் அவரிடம் இருந்தது.

விடைபெறும்போது அவர் கூறியது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. "ஐயா, பாத்திரக் கடையில் சீட்டிலுள்ள விலையைப் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்கிறார்கள். என் பானையை மட்டும் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்." யான் தலைகுனிந்தேன். அவ்வாறு கேட்டவருள் யானும் ஒருவன்.

மட்கலத்தின் பயன் சிறிதன்று. அதன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்பொழுது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால், உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. புளிக்குழம்பு நெடுநேரம் இருந்தாலும் மண்சட்டி களிம்பேறுவதில்லை. அடுப்பை அணைத்த பின்னரும் அது சூட்டை நெடிது காக்கிறது.

"மட்கலம் உடையுமே!" என்பார் உளர். உண்மை, உடையும். சூடான சட்டியில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் காணும். வண்ணம் பூசிய அழகுக் கலங்கள் சமையலுக்கு ஏற்றவையல்ல. சில பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். குறைகளை மறைத்துப் புகழ்தல் அறிவுடைமை ஆகாது. எனினும், பொறுமையுடன் கையாளுதலையும் அப்பொருள் நமக்குக் கற்பிக்கிறது அன்றோ?

இத்தொழிலின் பழமையும் பெருமையும் எண்ணத்தக்கவை. 2015ஆம் ஆண்டு முதல் கீழடியில் நடைபெற்ற அகழாய்வுகளில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. நம் முன்னோரின் எழுத்தை நமக்குக் காத்துத் தந்தவற்றுள் குயவர் வனைந்த மண்ணும் ஒன்று. கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடிய புலவருள் ஒருவர் வெண்ணிக் குயத்தியார். அவர் பெயரிலேயே குயத்தொழில் விளங்குகிறது.

இன்றோ பலர் பொங்கல் நாளில் மட்டும் புதுப்பானையைத் தேடுகின்றனர். ஆண்டிற்கு ஒரு நாள் வணங்கி, ஏனைய நாள்களில் மறந்தால், அத்தொழில் எவ்வாறு பிழைக்கும்? தந்தையின் உழைப்பிற்கு உரிய விலை கிடைக்காதபோது மகன் வேறு தொழில் நாடுதல் இயல்பே. அவனைக் குறைகூறல் தகாது. திகிரி நின்றுவிட்டால் 'வனைதல்' என்பதும் பொருளறியாது மனப்பாடம் செய்யும் மற்றொரு சொல்லாகிவிடும்.

ஆதலின், இளைஞர்களே! வீட்டிற்கு ஒரு குடமும் ஒரு குழம்புச் சட்டியும் வாங்கி நாள்தோறும் பயன்படுத்துங்கள். விரலால் தட்டி ஒலியைக் கேளுங்கள். நன்கு வெந்த கலம் கணீரென ஒலிக்கும். ஆனால், விலையைத் தட்டிப் பறிக்காதீர்கள். உழைத்த கைக்கு உரியதை முழுமையாகக் கொடுத்தலே அக்கலைக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.