துருவும் சாட்சி சொல்லும்



குற்றாலத்தில் இரும்புக் கேட் வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாரல் காலத்தில் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் போதும், பெயின்ட் உப்பி உதிர்ந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியும் துரு. மண்ணுக்கு அடியில் ஓடும் குழாயின் உட்புறத்தில் பிடிக்கும் துருவை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது, பூமிக்கடியில் சேமிப்பது பற்றி நிதி ஆயோக் 2022 நவம்பரில் விரிவான அறிக்கை வெளியிட்டது. நமக்கு அருகே தூத்துக்குடியில் 2016-லேயே ஒரு சோடா ஆஷ் ஆலை இந்த முறையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம். பிடித்த வாயு அங்கேயே பயன்பட்டதால் நீண்ட குழாய் வேண்டியிருக்கவில்லை. பூமிக்கடியில் சேமிப்பது என்று வந்தால், ஊர்களையும் வயல்களையும் கடந்து குழாய் போயாக வேண்டும்.

கரியமில வாயு உலர்ந்திருக்கும்வரை இரும்புக்குப் பகை அல்ல. ஈரம் சேர்ந்தால்தான் வினை. நாம் குடிக்கும் சோடாவில் சுள்ளென்று இருக்கிறதே, அதே கார்பானிக் அமிலம்தான் எஃகை அரிக்கிறது. நிலக்கரிப் புகையில் எஞ்சிய கந்தகமும் கூடினால் கந்தக அமிலமே உருவாகலாம். ஆகவே வாயுவை நன்றாக உலர்த்தி அனுப்ப வேண்டும். உலர்த்துவதற்குச் செலவாகும். அங்கேதான் மனித மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது.

அந்தக் கணக்கின் விலையை ஆந்திராவின் நகரம் என்ற கிராமம் கொடுத்தது. 2014 ஜூன் 27 அதிகாலையில் அவ்வூர் வழியே சென்ற இயற்கை எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் நீர் கலந்த வாயு சென்றதும், உள்ளிருந்தே குழாய் அரிக்கப்பட்டதும் விசாரணையில் தெரிய வந்தன.

கரியமில வாயு எரியாதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, மணமும் கிடையாது, பள்ளம் பார்த்துத் தங்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே 2020 பிப்ரவரி 22 அன்று இப்படி ஒரு குழாய் உடைந்தது. அங்கே காரணம் துரு அல்ல, கனமழையில் நகர்ந்த மண். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையை நாடினர். ஆக்சிஜன் கிடைக்காமல் கார் எஞ்சின்களும் நின்றுபோயின.

திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் வெளியிட்ட 'லாவுதாத்தே தேவும்' என்ற ஏட்டில், வாயுக்களை உறிஞ்சும் முயற்சிகள் நம்பிக்கை தருவதாக ஏற்றுக்கொண்டார். மேலே ஒட்டுப்போட்டுவிட்டு உள்ளே நடக்கும் சிதைவை மறக்கும் மனநிலையையும் கண்டித்தார். யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், கூலியைப் பிடித்துவைத்த செல்வருக்கு எதிராகத் துருவே சாட்சியாக எழுகிறது. உலர்த்தும் செலவை மிச்சம் பிடித்தவர்களுக்கு எதிராகவும் அது எழாதா?

நம் தென்காசி மாவட்டத்தில் இத்தகைய குழாய் இன்று இல்லை. எங்கேனும் வரும் என்றால், கிராம சபையில் நம் மக்கள் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கட்டும். கூடவே, வாயுவின் ஈரத்தை அன்றாடம் அளப்பவர் யார், அளவு மீறினால் வால்வை மூடும் அதிகாரம் யாருக்கு, குழாய் உடைந்தால் ஊருக்குச் சொல்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். சட்டார்ஷியாவில் மீட்புப் பணிக்கு ஓடியவர்களுக்கு, உடைந்தது எந்தக் குழாய் என்று நிறுவனம் உடனே சொல்லவில்லை.