விலைக்கு வரும் குடியுரிமை!

பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரூ.13,000 கோடிக்கும் அதிகமான மோசடி நடந்திருப்பது 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்பலமானபோது, அதில் குற்றம்சாட்டப்பட்ட வைர வியாபாரி மெகுல் சோக்ஸி இந்தியாவில் இல்லை. அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரத்திலேயே அவர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். சென்ற இடத்தில் அவர் விசா காலம் முடிந்து பதுங்கியிருக்கவும் இல்லை. அடைக்கலம் கேட்டு யாரிடமும் கையேந்தவும் இல்லை. கரீபியக் கடலில் உள்ள ஆண்டிகுவா - பார்புடா என்கிற தீவு நாட்டின் குடியுரிமை 2017 நவம்பரிலேயே அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

இது எப்படி நடந்தது என்று வியப்பதற்கு எதுவும் இல்லை. எல்லாம் அந்த நாட்டின் சட்டப்படியே நடந்தது.

காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த ஒருவர் ஆண்டிகுவாவில் குடியேறி, உழைத்துப் பிழைத்து, அந்த மண்ணின் மைந்தராக விரும்பினால், தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது அந்த நாட்டின் அரசியல் சட்டம். பணம் படைத்தவருக்கோ இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அரசின் வளர்ச்சி நிதிக்கு நன்கொடை அளித்தாலோ, அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானத் திட்டத்தில் முதலீடு செய்தாலோ சில மாதங்களில் குடியுரிமை கிடைத்துவிடும். சோக்ஸி விண்ணப்பித்த காலத்தில், இப்படிக் குடியுரிமை பெறுபவர் ஐந்து ஆண்டுகளில் வெறும் ஐந்து நாள் அந்தத் தீவில் தங்கியிருந்தால் போதும் என்பதுதான் நிபந்தனை. ஒருவருக்கு ஏழு ஆண்டுகள், மற்றவருக்கு ஐந்து நாள்!

இந்த வியாபாரத்தைத் தொடங்கியது ஆண்டிகுவா அல்ல. 1983இல் விடுதலை பெற்ற செயின்ட் கிட்ஸ் - நெவிஸ், மறு ஆண்டே இதற்குக் கடை விரித்தது. 1993இல் டொமினிக்காவும், 2013இல் ஆண்டிகுவாவும் கிரெனடாவும், 2015இல் செயின்ட் லூசியாவும் அதைப் பின்பற்றின. ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைத்துவந்த இந்த நாடுகள், மேலை நாடுகளின் நெருக்குதலால் 2024இல்தான் குறைந்தபட்சத் தொகையை 2 லட்சம் டாலர் என்று நிர்ணயித்துக்கொண்டன. இந்திய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் அதிகம். ஆயிரக்கணக்கான கோடிகளில் புரள்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

அந்தத் தீவுகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நூற்றாண்டுகளாகக் கரும்பை நம்பியிருந்த செயின்ட் கிட்ஸில் 2005இல் சர்க்கரைத் தொழிலே மூடப்பட்டது. 2017இல் வீசிய மரியா புயல் டொமினிக்காவைச் சூறையாடியது. விற்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத சின்னஞ்சிறு நாடுகள் கடவுச்சீட்டை விற்கின்றன. அந்த வருவாயில் வீடுகளும் சாலைகளும் உருவாகியிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அதற்கான விலையை இறுதியில் கொடுப்பவர் அந்தத் தீவின் சாமானியக் குடிமகன்தான். செயின்ட் கிட்ஸ் குடிமக்கள் விசா இல்லாமல் வர அளித்திருந்த சலுகையை 2014இல் கனடா திரும்பப் பெற்றது. 2017இல் ஆண்டிகுவாவுக்கும் அதே கதி. 2023இல் டொமினிக்கா நாட்டவர் விசா பெற்றே வர வேண்டும் என்று பிரிட்டன் அறிவித்தது. 2025 டிசம்பரில் அமெரிக்கா விதித்த பயணக் கட்டுப்பாடுகளிலும் ஆண்டிகுவாவும் டொமினிக்காவும் இடம்பெற்றன. யாரோ ஒரு கோடீஸ்வரர் தப்பிப்பதற்காக, அங்கே பிறந்து வளர்ந்த மாணவரும் மீனவரும் தூதரக வாசல்களில் காத்துக்கிடக்க நேர்கிறது. குடியுரிமையை வணிகப் பரிவர்த்தனையாக்க முடியாது என்று மால்டா நாட்டு வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு, இந்த நியாயத்தைத்தான் உரக்கச் சொல்லியிருக்கிறது.

நம்மவர்களின் பங்கு என்ன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. சோக்ஸிக்கு எதிராக எதுவும் இல்லை என்று 2017இல் மும்பையிலிருந்து வழங்கப்பட்ட காவல் துறைச் சான்றிதழின் அடிப்படையில்தான் குடியுரிமை அளித்தோம் என்று ஆண்டிகுவா அரசு விளக்கம் அளித்தது. வேறொரு நாட்டின் குடியுரிமையை ஒருவர் தாமாக ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுகிறார் என்கிறது 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. அவரோ, கயானா தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் தமது இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தது 2019 ஜனவரியில். சட்டம் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே ஓராண்டுக்கும் மேல் இடைவெளி!

அதன் பிறகு நடந்ததெல்லாம் நாடறியும். 2021இல் டொமினிக்காவில் அவர் பிடிபட்டபோது இந்திய அதிகாரிகள் தனி விமானத்தில் சென்று வெறுங்கையுடன் திரும்பினார்கள். 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதானார். அவரை இந்தியாவிடம் ஒப்படைக்கலாம் என்று அக்டோபரில் ஆண்ட்வெர்ப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த அவரது மேல்முறையீட்டை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் டிசம்பரில் நிராகரித்தது. சில மாதங்களில் விலைக்கு வாங்கப்பட்ட குடியுரிமையை எதிர்கொள்ள இந்தியாவுக்கு ஏழு ஆண்டுகளுக்கும் மேல் தேவைப்பட்டிருக்கிறது.

தப்பியோடும் பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டத்தை 2018இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 100 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட குற்றங்களில் சொத்துகளைப் பறிமுதல் செய்ய அது வழிவகுக்கிறது. ஆனால், அது ஓடிய பின் பாயும் சட்டம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

2022இல் 2,25,620 பேரும், 2023இல் 2,16,219 பேரும், 2024இல் 2,06,378 பேரும் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்த நாட்டவராகிறவர்களைச் சந்தேகக் கண்ணுடன் பார்ப்பது தவறு. பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்குபவர்கள் எத்தனை பேர், அவர்களில் வங்கிகளுக்குக் கடன்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டிய கேள்வி.

அயல்நாட்டுக் குடியுரிமைக்காகச் சான்றிதழ் கோருபவரைக் காவல் நிலையப் பதிவேட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது. வங்கிகள், செபி, அமலாக்கத் துறை, மத்தியப் புலனாய்வுத் துறை ஆகியவற்றின் தகவல்களையும் சரிபார்த்த பிறகே அதை வழங்க வேண்டும். இந்தியர் ஒருவருக்குக் குடியுரிமை அளிக்கப்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிற உடன்பாட்டை அந்த ஐந்து தீவு நாடுகளுடனும் வெளியுறவுத் துறை செய்துகொள்ள வேண்டும். அந்தத் தகவல் வந்த அன்றே இந்தியக் கடவுச்சீட்டு முடக்கப்பட வேண்டும்.

கடவுச்சீட்டை விற்பது எங்கோ ஒரு தீவாக இருக்கலாம். அதை வாங்கப் போகிற பணம் இந்திய வங்கியில் சாமானியர் போட்ட சேமிப்பாக இருந்துவிடக் கூடாது!