கடல் வரை போகலாம். ஓட்டலுக்குள் போக முடியாதா?

விடுமுறை வந்துவிட்டால் சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பங்களுக்கு உடனே கடல் நினைவு வரும்.

ஊரில் கடல் இல்லை. சுற்றிலும் கரிசல் பூமி. ஆகவே வேன் பேசிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போவார்கள். அல்லது கன்னியாகுமரிக்குப் போவார்கள். சாமி கும்பிடுவார்கள். கடலில் கால் நனைப்பார்கள். பிறகு பசி எடுக்கும். "நல்ல ஓட்டலாகப் பார்த்து நிறுத்துங்கள்" என்று டிரைவரிடம் சொல்வார்கள்.

வேன் நிற்கும். எல்லோரும் இறங்குவார்கள். ஒருவர் மட்டும் இறங்க மாட்டார்.

அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஓட்டல் வாசலில் நான்கு படிகள் இருக்கும். "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள். எனக்குப் பொட்டலம் கட்டி வாங்கி வாருங்கள்" என்பார். குடும்பம் உள்ளே உட்கார்ந்து இலையில் சாப்பிடும். அவர் வேனில் தனியாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பார்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பது அல்ல. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் நடமாட்டக் குறை உள்ளவர்கள் மட்டும் சுமார் 54 லட்சம் பேர். தமிழ்நாட்டில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல்.

இவர்கள் கடற்கரைக்குப் போக இப்போது வழி பிறந்து இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு வழி பிறக்கவில்லை. ஏன்?

மணலில் ஒரு பாதை

சக்கர நாற்காலிக்கு மணல் பெரிய பகை. சாதாரணச் சக்கரம் மணலில் புதைந்துவிடும். இதனால் சென்னை மெரினாவில் கூட, மாற்றுத்திறனாளிகள் சாலை ஓரத்தில் இருந்தபடியே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டன. முதலில் ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். கடைசியில் நிரந்தரப் பாதை வந்தது. 2022-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அது திறக்கப்பட்டது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மரப் பலகைகளால் ஆன பாதை. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ரூ.1 கோடியே 14 லட்சம்.

அன்று பலர் வாழ்க்கையில் முதன்முறையாக அலைக்கு அருகே போனார்கள்.

திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் 'மாண்டஸ்' புயல் வந்தது. பாதை சேதம் அடைந்தது. பிறகு அதைப் பழுது பார்த்தார்கள்.

அரசாங்கம் மனம் வைத்தால் மணலிலும் வழி போடலாம் என்பது இதனால் தெரிந்தது. சரி, கடல் பார்த்தாயிற்று. அடுத்தது சாப்பாடு. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

படி வந்த கதை

ஓட்டல் முதலாளிகள் யாரும் வேண்டும் என்று படி கட்டுவது இல்லை. படி வந்ததற்குக் காரணங்கள் உண்டு.

நம் ஊர்க் கடைத் தெருக்களில் கடைக்கும் சாலைக்கும் நடுவே சாக்கடை ஓடும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே கடையை உயர்த்திக் கட்டுகிறார்கள். பிறகு சாலை போடுகிறவர்கள் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். சாலை உயர்கிறது. உடனே கடைக்காரர் மீண்டும் தளத்தை உயர்த்துகிறார். இந்தப் போட்டியில் படிகள் கூடிக்கொண்டே போகின்றன.

படியைத் தாண்டினாலும் தொல்லை தீராது. மேஜையும் பெஞ்சும் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டு இருக்கும். நாற்காலியை மேஜைக்கு அடியில் நுழைக்க முடியாது. ஏ.சி. அறை மாடியில் இருக்கும். கை கழுவும் தொட்டி உட்கார்ந்து இருப்பவருக்கு எட்டாது. கழிவறைக் கதவு இரண்டடி அகலம்தான் இருக்கும்.

இந்தக் கழிவறைதான் பெரிய கொடுமை! வெளியூர் போகும் நாளில், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பலர் காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அக்கினி வெயிலிலும் இப்படித்தான். உல்லாசப் பயணம் அவர்களுக்கு உபவாசப் பயணம் ஆகிவிடுகிறது.

"தூக்கிவிடுகிறோம், வாங்க!"

நம் ஊர் மக்கள் இரக்கம் உள்ளவர்கள். நாற்காலியைக் கண்டதும் சர்வர்கள் ஓடி வருவார்கள். "நாலு பேர் இருக்கிறோம். தூக்கிவிடுகிறோம், வாங்க!" என்பார்கள்.

அவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. தூக்குகிறவர் ஒருவர் கால் இடறினால் போதும். நாற்காலி சாய்ந்துவிடும். முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு அது பேராபத்து. மின்கலம் பொருத்திய நாற்காலி என்றால் தூக்கவே முடியாது. கனம் அதிகம்.

வேறு ஒன்றும் உண்டு. சாப்பிட வந்தவர் ஒரு வாடிக்கையாளர். காசு கொடுத்துச் சாப்பிடுகிறார். கடைத் தெருவே வேடிக்கை பார்க்க, மூட்டை போல் தூக்கி உள்ளே கொண்டு போவதை யார் விரும்புவார்கள்? அதற்குப் பயந்தே பலர் வேனை விட்டு இறங்குவது இல்லை.

இரக்கம் அன்றைக்கு இருக்கும் ஆளைப் பொறுத்தது. வழி என்பது என்றைக்கும் இருப்பது. மாற்றுத்திறனாளிகள் கேட்பது வழி!

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்தது.

பொது மக்கள் வந்து போகும் கட்டிடம், அரசாங்கத்துக்குச் சொந்தமானாலும் தனியாருக்குச் சொந்தமானாலும், 'பொதுக் கட்டிடம்' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வியாபாரம் நடக்கும் இடமும் அதில் அடங்கும். ஆகவே ஓட்டலும் அடங்கும்.

விதிகளின்படி வழி வைக்காத புதுக் கட்டிடத்துக்கு அனுமதி தரக் கூடாது. பழைய கட்டிடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்த வேண்டும். விதிகள் வெளியானது 2017 ஜூனில். எனவே அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது!

சட்டத்தை மீறினால் முதல் தடவை ரூ.10 ஆயிரம் வரை அபராதம். மறுபடியும் மீறினால் ரூ.50 ஆயிரத்தில் இருந்து ரூ.5 லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் படிகள் அப்படியே இருக்கின்றனவே, ஏன்? அதற்கான காரணத்தைச் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொன்னது.

'செய்யலாம்' வேறு, 'செய்ய வேண்டும்' வேறு

ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் ஒரு வழக்குப் போட்டார். சாலைகளும் கட்டிடங்களும் எல்லோருக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு பல உத்தரவுகள் போட்டது. ஆனாலும் வேலை சரிவர நடக்கவில்லை.

2024-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் மீண்டும் தீர்ப்பு அளித்தார்கள். சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்கிறது. அதன் கீழ் வந்த 15-வது விதியோ, 'இப்படிச் செய்வது நல்லது' என்ற யோசனைகளோடு நின்றுவிடுகிறது. இந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று நீதிபதிகள் கூறினார்கள். குறைந்தபட்சம் எவை கட்டாயம் என்று தனியே விதி வகுக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்தில் அதைச் செய்ய வேண்டும் என்றும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள்.

வெளிநாட்டிலும் இது சும்மா வந்துவிடவில்லை. 1990-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தின் முன்னே மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். அதே ஆண்டு ஜூலை 26-ந் தேதி அங்கே சட்டம் கையெழுத்தானது. ஓட்டல், கடை, சினிமா கொட்டகை எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வந்தன.

முதலாளிகள் சொல்லும் காரணம்

"அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைக்கு வருவதே இல்லையே! யாருக்காகச் சாய்தளம் கட்டுவது?" என்று சில முதலாளிகள் கேட்பது உண்டு.

கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு, "யாரும் உள்ளே வரவில்லை" என்று சொல்வது போன்றது இது. படி இருப்பதால் அவர்கள் வருவது இல்லை. அவர்கள் வராததால் படியும் போவது இல்லை.

வியாபாரக் கணக்காகவே பார்க்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் தனியாக வருவது குறைவு. கூட நாலு பேர் வருவார்கள். அவருக்கு வழி இல்லை என்றால் அந்தக் குடும்பமே வேறு கடை தேடும். ஒருவரால் போவது ஐந்து இலை வியாபாரம்!

சாய்தளம் அவர்களுக்கு மட்டும் அல்ல. முழங்கால் வலியால் தவிக்கும் பாட்டிக்கு அது வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்கு வேண்டும். அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் இறக்குகிற தொழிலாளிக்கும் வேண்டும்.

"இடம் இல்லை" என்பது இரண்டாவது காரணம். இதில் நியாயம் உண்டு. சாய்தளத்தைச் சாலையில் நீட்டினால் ஆக்கிரமிப்பு ஆகிவிடும். ஆகவே அதைக் கடையின் எல்லைக்குள்ளேயே அமைக்க வேண்டும். வாசலைச் சற்று உள்ளே தள்ளலாம். சுவர் ஓரமாக வளைத்தும் கட்டலாம்.

கொத்தனார் கணக்கு

அளவுகள் சுலபமானவை.

சாய்தளம்: ஓர் அங்குலம் உயர ஓரடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி. இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னால் சரிந்துவிடும். அகலம் நான்கு அடி. பக்கத்தில் கைப்பிடி.

வாசல்: மூன்றடி அகலம்.

நாற்காலி திரும்ப: ஐந்தடிக்கு ஐந்தடி இடம்.

மேஜை: ஒன்றிரண்டு மேஜைகளில் பெஞ்சை முடுக்காமல் விட்டால் போதும். மேஜைக்கு அடியில் முழங்கால் நுழைய இரண்டேகால் அடிக்குக் குறையாத உயரம் வேண்டும்.

கழிவறை: வெளிப்பக்கம் திறக்கும் கதவு. மேல்நாட்டு முறைப் பீடம். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி.

இவற்றில் பலவற்றுக்கு மெரினா பாதை போல் கோடி ரூபாய் தேவை இல்லை. ஒரு பெஞ்சை முடுக்காமல் விடக் காசே தேவை இல்லை!

ஆய்க்குடி காட்டிய வழி

தென்காசி மாவட்டத்துக்கு இது புதிய பாடம் அல்ல. சங்கரன்கோவில் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் ஆய்க்குடி இருக்கிறது.

அந்த ஊர் எஸ்.ராமகிருஷ்ணன் இஞ்சினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். அங்கே விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1981-ல் சொந்த ஊரில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். சில குழந்தைகளோடு தொடங்கிய அந்தச் சங்கம் பெரிய மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த நிலையத்தில் படித்துப் பயிற்சி பெற்று, சொந்தக் காலில் நிற்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வெளியே வந்தால் ஓட்டல் படி அவர்களை நிறுத்திவிடுகிறது. பயிற்சி கொடுப்பது நிலையத்தின் கடமை. படியை எடுப்பது ஊரின் கடமை அல்லவா?

சாவி எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசிக்க வெளியூரில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊரின் மட்டன் பிரியாணிக்கு என்றே வண்டியை நிறுத்துகிறவர்களும் உண்டு. சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கிய ஊர், எல்லோரையும் உட்கார வைத்துப் பரிமாறும் ஊர் என்ற பெயரையும் வாங்கலாம்.

சாவி நகராட்சி கையில் இருக்கிறது. கட்டிட வரைபடத்துக்கு அனுமதி தரும்போது சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டல் லைசென்சைப் புதுப்பிக்கும்போது வாசலை ஒரு தடவை அளந்து பார்க்கலாம். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால், கடைகள் மேலும் உயர வேண்டியது இராது.

மக்கள் கையிலும் ஒரு சாவி உண்டு. மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஓட்டலில் பில் கொடுக்கும்போது, "சாய்தளம் எப்போது கட்டுவீர்கள்?" என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் கொத்தனார் வந்துவிடுவார்.

வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்பது தமிழர் வழக்கம். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, கையில் பொட்டலம் கொடுத்து அனுப்புவதும் அந்த வழக்கத்துக்கு ஏற்றது அல்ல. பந்தியில் எல்லோருக்கும் ஓர் இலை உண்டு. அந்த இலைக்குப் போகும் வழியும் எல்லோருக்கும் இருக்க வேண்டும்!